ஸ்டோருக்குள் கொண்டுபோகக்கூடிய கட்டுரை: இணையக் கலைக்களஞ்சியங்களின் தொழினுட்பத் தமிழ் பற்றி

தமிழில் கவிதைக்கு விமர்சனம் உண்டு. சிறுகதைக்கு உண்டு. மேடைப் பேச்சுக்குக்கூட உண்டு. ஆனால் நமது பிள்ளைகள் இன்று அதிகமாக வாசிக்கும் ஓர் எழுத்து வகையைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. இணையத்தில் கிடைக்கும் கலைக்களஞ்சியக் கட்டுரைதான் அது. "அது சும்மா தகவல்தானே, அதில என்ன விமர்சனம்?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். தகவலும் மொழியில்தான் வந்து சேர்கிறது. மொழி சறுக்கினால் தகவலும் கூடவே சறுக்கும். தொழினுட்பம் பற்றிய கட்டுரைகளில் இந்தச் சறுக்கல் மிக அதிகம். அதனால் வரும் சேதமும் அதிகம்.

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கத்துப் பாடசாலைகளில் பசார் கடைக்காரரின் பிள்ளையும் தோட்டத்து லயத்துப் பிள்ளையும் ஒரே வாங்கில் இருப்பார்கள். இருவருக்கும் ஆங்கிலம் தூரம். ஒப்படை கொடுத்தால் கைத்தொலைபேசியில் தலைப்பைத் தேடி, கொமியுனிகேஷனில் அச்செடுத்து, மட்டை போட்டுக் கொண்டுவந்து தருவார்கள். "வாசிச்சியா, விளங்கினதா?" என்று கேட்டால் வரும் பதில் அநேகமாக ஒன்றுதான்: "விளங்கல்ல சேர், ஆனா விக்கிப்பீடியாவில இருந்துதான் எடுத்த." கட்டுரை பிழையாக இருக்கலாம் என்று அந்தப் பிள்ளைக்குத் தோன்றுவதே இல்லை. குறை தன் மூளையில்தான் என்று நினைக்கிறது. இன்னும் கொஞ்சம் வளர்ந்ததும், குறை தமிழில்தான் என்று முடிவுகட்டிவிடுகிறது. இந்த இரண்டு முடிவுகளும் பொய். இவற்றைப் பிள்ளை மனதில் விதைப்பது தரம் கெட்ட கட்டுரை.

தமிழில் கலைக்களஞ்சிய முயற்சி நேற்றுத் தொடங்கியதல்ல. மானிப்பாய் ஆ. முத்துத்தம்பிப்பிள்ளையின் 'அபிதான கோசம்' 1902 இல் வந்தது. ஆ. சிங்காரவேலு முதலியாரின் 'அபிதான சிந்தாமணி' 1910 இல் வந்தது. தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் 'கலைக்களஞ்சியம்' பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது. நமக்கென எம்.ஆர்.எம். அப்துற் றஹீம் 'இஸ்லாமியக் கலைக்களஞ்சியம்' தந்தார். இவற்றில் பிழை இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் பிழைக்குப் பதில் சொல்ல ஒரு பெயர் இருந்தது.

2003 இல் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியபோது நிலைமை மாறியது. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த கட்டடக்கலைஞர் இ. மயூரநாதன் அதன் ஆரம்ப காலத்திலிருந்து சம்பளம் இல்லாமல், சத்தம் இல்லாமல் எழுதி அதை நிலைநிறுத்தினார். கனடாத் தமிழ் இலக்கியத் தோட்டம் அவருக்கு 2015 ஆம் ஆண்டுக்கான இயல் விருதை வழங்கியது. இன்று ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் அங்கே உள்ளன. இந்த உழைப்புக்கு நன்றி சொல்லாமல் விமர்சிக்கத் தொடங்குவது நியாயமில்லை. எண்ணிக்கையை மட்டும் பார்த்து நன்றியோடு நிறுத்திக்கொள்வதும் நியாயமில்லை.

எண்ணிக்கை எப்படி ஏமாற்றும் என்பதற்கு நமது மொழியிலேயே ஒரு நல்ல உதாரணம் உண்டு. 2009 அளவில் கூகுள் நிறுவனம் ஆங்கில விக்கிப்பீடியாக் கட்டுரைகளைத் தமிழ் உள்ளிட்ட சில மொழிகளுக்குக் கொண்டுவரும் திட்டமொன்றைத் தொடங்கியது. கூலிக்கு அமர்த்திய மொழிபெயர்ப்பாளர்கள் அந்நிறுவனத்தின் மொழிபெயர்ப்புக் கருவியைப் பயன்படுத்தி எழுதினார்கள். அரபு, குஜராத்தி, இந்தி, கன்னடம், சுவாஹிலி, தமிழ், தெலுங்கு ஆகிய மொழிகளில் மொத்தம் 16 மில்லியன் சொற்களுக்கு மேல் பெயர்க்கப்பட்டுவிட்டதாக 2010 இல் நிறுவனம் அறிவித்தது. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

அதே ஆண்டு போலந்தின் கிடான்ஸ்க் நகரில் நடந்த விக்கிமேனியா மாநாட்டில் தமிழ் விக்கிப்பீடியர் அ. இரவிசங்கர் இத்திட்டத்தின் மறுபக்கத்தை எடுத்துவைத்தார். அமெரிக்கப் பாடகர், ஹொலிவூட் படம் என்று தமிழ் வாசகர் தேடாத தலைப்புகள் குவிந்தன. இல்லாத கட்டுரைகளுக்கான சிவப்பு இணைப்புகள் பக்கம் முழுக்க நிறைந்தன. வாக்கியம் ஆங்கிலத்தின் எலும்புக்கூட்டில் தமிழ்த் தோல் போர்த்தியது போல் இருந்தது. எழுதியவரிடம் கேள்வி கேட்டால் பதில் வராது. வங்காள விக்கிப்பீடியர்கள் இத்தகைய கட்டுரைகளை நீக்கினார்கள். தமிழர்கள் பேச்சுவார்த்தைக்குப் போய், எந்தத் தலைப்பு வேண்டும், எந்தத் தரம் வேண்டும் என்று எடுத்துச் சொன்னார்கள். எனக்குத் தெரிந்தவரை, தமிழில் இணையக் கலைக்களஞ்சியக் கட்டுரையின் தரம் பற்றி நடந்த முதல் கனமான விமர்சனம் இதுதான். அதை நமது இலக்கியச் சஞ்சிகைகள் கண்டுகொள்ளவே இல்லை.

அளவுகோல் எங்கே?

தொழினுட்பக் கட்டுரையை எதைக் கொண்டு நிறுப்பது? நீளமா, தூய தமிழா, அடிக்குறிப்பின் தொகையா? நமது பாரம்பரியத்திலேயே ஒரு தராசு இருக்கிறது. தியார்பக்கிரில் ஆர்த்துகிய அரசரிடம் பொறியாளராக இருந்த அல்ஜஸரி, தாம் செய்த நீர்க் கடிகாரங்கள், நீரிறைக்கும் இயந்திரங்கள் முதலிய ஏறத்தாழ ஐம்பது பொறிகளை விளக்கி 1206 இல் ஒரு நூலை முடித்தார். அதில் அளவு இருக்கிறது, மூலப்பொருள் இருக்கிறது, எதை எதோடு பொருத்துவது என்ற வரிசை இருக்கிறது, படம் இருக்கிறது. பின்னால் வரும் ஒரு கைவினைஞன் பார்த்துச் செய்யவேண்டும் என்ற எண்ணத்தோடு எழுதப்பட்டது அது. எழுநூற்றுச் சொச்சம் ஆண்டுகளுக்குப் பிறகு, இருபதாம் நூற்றாண்டில், அந்த விளக்கத்தை வைத்தே அவருடைய நீர்க் கடிகாரத்தை மீண்டும் செய்து ஓடவிட்டார்கள்.

தொழினுட்ப எழுத்துக்கு இதைவிட நேர்மையான பரீட்சை வேறில்லை. கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பொருளுக்கு முன்னால் போய் நிற்க முடியுமா? மலையகத்தில் தேயிலைத் தொழிற்சாலையை 'ஸ்டோர்' என்போம். தேயிலை பற்றிய கட்டுரையோடு ஸ்டோருக்குள் போனால், கண் முன்னால் நடப்பது விளங்க வேண்டும். அது நடக்காவிட்டால் நூறு அடிக்குறிப்பு இருந்தும் பயனில்லை. இந்தப் பரீட்சையை நான்கு இடங்களில் வைத்துப் பார்க்கலாம்.

ஒன்று: வாக்கியம்

மாதிரிக்கு நானே ஒரு வாக்கியம் செய்து காட்டுகிறேன்: "மின்சாரத்தை உற்பத்தி செய்வதற்காகப் பயன்படுத்தப்படுகின்ற, உயர்ந்த தலையினைக் கொண்டிருக்கின்ற, அணை ஒன்றின் பின்னால் அமைந்துள்ள நீர்மின் தாவரம்." இந்தப் பாணி வாசகருக்குப் புதிதல்ல. ஆங்கிலத்தில் ஆலைக்கும் செடிக்கும் ஒரே சொல். நீர் விழும் உயரத்துக்கும் மனிதத் தலைக்கும் ஒரே சொல். இயந்திரமும் அவசரக்கார மொழிபெயர்ப்பாளரும் கைக்கு அகப்பட்ட பொருளை எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். "கின்ற, கின்ற" என்று பெயரெச்சங்களை ரயில் பெட்டி போலக் கோத்துக்கொண்டு போவதால் வினைக்கு வந்து சேரும்போது வாசகர் எழுவாயை மறந்துவிடுகிறார்.

இதையே இப்படிச் சொல்லலாம்: "அணையில் தேங்கிய நீர் பெரிய குழாய் வழியே கீழே இறங்கிச் சுழலியைச் சுற்றுகிறது. எவ்வளவு உயரத்திலிருந்து இறங்குகிறது, ஒரு செக்கனுக்கு எவ்வளவு நீர் இறங்குகிறது என்ற இரண்டையும் பொறுத்தே கிடைக்கும் மின்வலு அமையும்." இதில் தனித்தமிழ் வீரம் எதுவும் இல்லை. ஆனால் பிள்ளைக்கு விளங்கும். விளங்கிய பிள்ளை அடுத்த படிக்குப் போகும்: காசல்ரீயில் தேங்கும் கெஹெல்கமு ஓயாவின் நீர் விமலசுரேந்திர மின்நிலையத்தில் ஒருமுறை வேலை செய்துவிட்டு, நோர்ட்டன் அணையில் மறுபடி தேங்கி, பழைய லக்ஷபானவுக்கு இறங்கி இன்னொரு முறை வேலை செய்கிறது. ஒரே நீர், இரண்டு உழைப்பு. டி.ஜே. விமலசுரேந்திர 1918 இல் இலங்கைப் பொறியியலாளர் சங்கத்தில் நீர்மின் பற்றிய தம் ஆய்வை வாசித்தார். லக்ஷபான மின்சாரம் வந்தது 1950 இல். வீட்டு வாசலிலிருந்து பார்க்கக்கூடிய ஒரு தொழினுட்பத்துக்கு இத்தகைய கதை இருக்கும்போது, "தாவரம்", "தலை" என்று வாசிக்கக் கொடுப்பது அநியாயம்.

இரண்டு: கலைச்சொல்

இது இலங்கைத் தமிழ் வாசகருக்கே உரிய சிக்கல். 1956 க்குப் பின்னர் இங்கே அரசகரும மொழித் திணைக்களம் சொற்றொகுதிகளை வெளியிட்டது. அந்த வழியில் நமது பாடநூல்களில் ஒட்சிசன், ஐதரசன், இலத்திரன், ஒளித்தொகுப்பு என்ற சொற்கள் நிலைத்தன. தமிழகத்தில் ஆக்சிஜன், ஹைட்ரஜன், எலக்ட்ரான், ஒளிச்சேர்க்கை. இங்கே இலத்திரனியல், அங்கே மின்னணுவியல். இவ்வளவும் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம், ஆபத்து குறைவு. தெரியாத சொல் வந்தால் பிள்ளை யாரிடமாவது கேட்கும்.

கேட்காமல் விடுகிற இடம்தான் ஆபத்து. நமது பௌதிகவியலில் சக்தி வேறு, வலு வேறு. சக்தி என்பது செய்யப்படும் வேலையின் அளவு, வலு என்பது அது செய்யப்படும் வீதம். தமிழகத்தில் முதலாவது ஆற்றல், இரண்டாவது திறன். நமக்கோ திறன் என்றால் கைத்திறன். வினைத்திறன் என்றால் போட்டதில் எவ்வளவு பயன் கிடைத்தது என்ற விகிதம். இந்த நிலையில் ஒரு கட்டுரை முதற்பந்தியில் "50 மெகாவாட் சக்தி" என்றும், இரண்டாம் பந்தியில் "50 மெகாவாட் திறன்" என்றும், மூன்றாவதில் "ஆற்றல்" என்றும் எழுதினால், எழுதியவர் மூன்றையும் ஒன்றாக நினைக்கிறார் என்று அர்த்தம். இரண்டு நாட்டாரும் மாறி மாறித் திருத்திய கட்டுரையில் இந்தக் குழப்பம் மிகச் சுலபமாக நுழைந்துவிடும். சாதாரண தரப் பரீட்சையில் வாட்டையும் யூலையும் மாற்றி எழுதி மதிப்பெண் இழக்கும் பிள்ளையிடம் போய் "இரு நாட்டு வழக்கு" என்று சமாதானம் சொல்ல முடியாது.

எந்த நாட்டுச் சொல் சிறந்தது என்று சண்டை பிடிக்க வேண்டியதில்லை. ஒரு கட்டுரை ஒரு வழக்கைத் தேர்ந்து கடைசிவரை அதைக் காக்க வேண்டும். மற்ற வழக்கை முதற்பந்தியிலேயே ஒருமுறை சொல்லிவிட வேண்டும். தரமான கட்டுரையை இந்த ஒழுங்கிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

மூன்று: இயங்கும் விதம்

தேயிலைக்கு வருவோம். கொழுந்து ஸ்டோருக்கு வந்ததும் வாட்டுகிறார்கள். பிறகு ரோலரில் போட்டு உருட்டி நசுக்குகிறார்கள். சலித்து எடுக்கும் 'தூள்' என்ற சொல் ஆங்கிலத் தேயிலைக் கைந்நூல்களிலும் அப்படியே ஏறியிருக்கிறது. அடுத்து அதைப் பரப்பி வைக்கும்போது பச்சை செம்பு நிறமாக மாறுகிறது. இந்தக் கட்டத்துக்குத் தொழிற்சாலை ஆங்கிலத்தில் வழங்கும் பெயரைத் தமிழாக்கினால் 'நொதித்தல்' என்று வரும். பெயர்த்தவர் மேல் குற்றமில்லை. மூலப் பெயரே பிழையான பெயர். மாவைப் புளிக்க வைப்பதுபோல இங்கே நுண்ணுயிர் வேலை செய்வதில்லை. நசுங்கிய இலையின் நொதியங்கள் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து இலைச் சாற்றை மாற்றுகின்றன. இது ஒட்சியேற்றம். சூடான உலர்த்தியில் போட்டதும் நொதியம் செயலிழக்க, மாற்றம் நின்றுவிடும்.

இந்த ஒரு விடயத்தை வைத்தே ஒரு தேயிலைக் கட்டுரையை எடைபோடலாம். 'நொதித்தல்' என்று மட்டும் எழுதிவிட்டுப் போனால் அது பெயர்ப்பு. "தொழிற்சாலையில் நொதித்தல் என்பார்கள், உண்மையில் ஒட்சியேற்றம்" என்று எழுதினால் அங்கே விளங்கிய ஒருவர் இருக்கிறார். பரப்பி வைத்ததைப் பொழுது பார்த்து உலர்த்திக்குள் அனுப்பாவிட்டால் தேநீரின் சுவை கெட்டுவிடும் என்பது ஸ்டோரில் வேலை செய்யும் அம்மாவுக்குத் தெரியும். அவருடைய மகள் வாசிக்கும் கட்டுரைக்கு அது தெரியவில்லை என்றால் எது கலைக்களஞ்சியம்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கொழுந்து, கவ்வாத்து, முள்ளுக்குத்துதல், மட்டக்கம்பு என்று மலையக மக்கள் ஒன்றரை நூற்றாண்டாகப் புழங்கும் தொழிற்சொற்கள் இருக்கின்றன. 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்டதை எல்லாக் கட்டுரையும் சொல்லும். அந்தச் செடியைக் கவ்வாத்து வெட்டி உயிரோடு வைத்திருந்தவர்களின் சொல்லுக்கு இடம் கொடுக்கும் கட்டுரை அரிது. 'கத்தரித்தல்' என்று அகராதிச் சொல் போடுவார்கள். கவ்வாத்தும் கலைச்சொல்தான். அகராதியில் இருந்து மலைக்கு வராமல் மலையில் இருந்து வந்ததால் அதன் மதிப்புக் குறைந்துவிடாது.

நான்கு: ஸனது

ஹதீஸ் கலையில் மத்னையும் பார்ப்பார்கள், ஸனதையும் பார்ப்பார்கள். சொன்னது என்ன, யார் வழியாக வந்தது என்ற இரண்டு கேள்வியும் ஒன்றாகப் போகும். இந்த ஒழுக்கத்தில் பெருமைப்படும் நாம், தொழினுட்ப வரலாறு என்று வரும்போது அதைக் கைவிட்டுவிடுகிறோம். இது கசக்கும், ஆனாலும் சொல்ல வேண்டும்.

'கேமரா' என்ற சொல் அரபுச் சொல்லான 'கமரா'விலிருந்து வந்தது, காரணம் இப்னுல் ஹைதம்தான் என்று நமது இணையப் பக்கங்களில் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியிருக்கிறார்கள். அது லத்தீன் சொல். அதற்கு முன் கிரேக்கம். அறை என்பது பொருள். இப்னுல் ஹைதமின் உண்மையான சாதனைக்கு இந்தப் பொய்ச் சான்று தேவையே இல்லை. பார்வை என்பது ஒளி கண்ணுக்குள் வருவதால் நிகழ்கிறது என்பதைப் பரிசோதனையும் கணிதமும் கொண்டு நிறுவிய 'கிதாபுல் மனாழிர்' அவருக்குப் போதும். அல்ஜீப்ராவும் அல்கோரிதமும் நமது அறிஞர் அல்குவாரிஸ்மியின் நூலிலிருந்தும் பெயரிலிருந்தும் வந்தவை. அது மெய். மெய்யையும் பொய்யையும் ஒரே பட்டியலில் போட்டால், பொய்யைக் கண்டுபிடித்தவன் மெய்யையும் தூக்கி எறிவான்.

அப்பாஸ் இப்னு பிர்னாஸின் பறத்தலும் இப்படித்தான். அவர் ஒன்பதாம் நூற்றாண்டு அந்தலூசியர். அவர் பறந்த செய்தியை நமக்கு விரிவாகத் தருபவர் பதினேழாம் நூற்றாண்டின் அல்மக்கரீ. அந்தச் செய்திக்கு ஆதாரமாக அவர் காட்டுவது இப்னு பிர்னாஸின் காலத்துக் கவிஞர் ஒருவரின் கவிதை வரி. ஆக, செய்திக்கு ஒரு வேர் இருக்கிறது. ஆனால் இடையில் ஏழு நூற்றாண்டுக்கு மேல் இடைவெளியும் இருக்கிறது. நல்ல கட்டுரை இரண்டையும் சொல்லும். இணையத்தில் உலாவும் பல கட்டுரைகளோ எத்தனை நிமிடம் பறந்தார், எவ்வளவு தூரம் என்று பக்கத்தில் நின்று பார்த்தவர் போல எழுதுகின்றன. ஒரு ராவி விடுபட்டாலே முகம் சுளிக்கும் சமூகத்துக்கு இது அழகில்லை.

பிழையின் தொகை

2005 டிசம்பரில் 'நேச்சர்' சஞ்சிகை விக்கிப்பீடியாவையும் பிரிட்டானிக்காவையும் ஒப்பிட்டது. 42 அறிவியல் கட்டுரைகளை நிபுணர்கள் பார்த்தார்கள். விக்கிப்பீடியாவில் 162 குறைகள், பிரிட்டானிக்காவில் 123. பாரதூரமான பிழைகள் இரண்டிலும் நான்கு நான்கு. பிரிட்டானிக்கா அந்த முடிவை ஏற்காமல் மறுத்தது. விக்கிப்பீடியாவை ஆதரிப்பவர்கள் இன்றும் இந்த ஆய்வைத் தூக்கிக் காட்டுவார்கள். அதிலேயே, சில விக்கிப்பீடியாக் கட்டுரைகள் ஒழுங்கின்றிக் குழப்பமாக எழுதப்பட்டிருப்பதாக நிபுணர்கள் முறைப்பட்டதும் இருக்கிறது. அதைச் சொல்பவர் குறைவு. தவிர, அந்த ஆய்வு ஆங்கிலத்துக்கு. ஆயிரம் கண் பார்க்கும் கட்டுரையின் நம்பகத்தை, இரண்டு பேர் பார்க்கும் தமிழ்க் கட்டுரைக்குக் கடனாக எடுக்க முடியாது.

பார்க்க ஆளில்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு ஸ்கொட்ஸ் மொழி விக்கிப்பீடியா சாட்சி. அந்த மொழி தெரியாத ஓர் அமெரிக்க இளைஞர் பல்லாயிரம் கட்டுரைகளை, ஆங்கிலத்தைத் திரித்துத் தானாக உண்டாக்கிய ஒரு மொழியில் எழுதிவந்தது 2020 இல்தான் வெளியே வந்தது. அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. மொழிக்காரர்கள் ஆண்டுக்கணக்கில் எட்டிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

இப்போது நிலைமை இன்னும் நுட்பமாகிவிட்டது. பழைய இயந்திரத் தமிழ் கண்ணில் குத்தும். வாசித்த உடனே பிடித்துவிடலாம். இன்றைய இயந்திரம் சரளமாக எழுதுகிறது. "தாவரம்", "தலை" என்று அது சறுக்குவது குறைவு. நான் சொன்ன முதலாவது பரீட்சையில் அது தேறிவிடும். மற்ற மூன்றிலும் தேறுமா என்பதைப் பொருள் தெரிந்த ஆள்தான் பார்க்க முடியும். வாக்கியம் அழகாக இருப்பதால் உள்ளே இருப்பதும் சரி என்று நம்பிவிடும் பழக்கம்தான் இனி நமது பெரிய எதிரி.

இதற்கு மாநாடு கூட்டத் தேவையில்லை. ஒவ்வோர் ஆசிரியரும் தாம் படிப்பிக்கும் பாடத்தில் ஆண்டுக்கு ஒரு கட்டுரையை எடுத்து இந்த நான்கு வழியிலும் பார்த்துத் திருத்தலாம். திருத்துவதற்கு அங்கே பொத்தான் இருக்கிறது. அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஒப்படை கொடுக்கும்போது "இணையத்தில் எடுத்து எழுது" என்பதற்குப் பதிலாக, "எடுத்ததில் ஒரு பிழையைக் கண்டுபிடி" என்று கொடுக்கலாம். ஸ்டோரில் வேலை செய்யும் பெற்றோரிடம் கேட்டு ஒரு சொல்லையாவது கொண்டுவரச் சொல்லலாம். நமது சஞ்சிகைகள் நூல் மதிப்புரைக்குப் பக்கத்தில் இதற்கும் ஒரு பக்கம் ஒதுக்கலாம். தமிழ் விக்கிப்பீடியாவை எழுதிவரும் சில நூறு பேரால் மட்டும் இது முடியாது. முடியவேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

அல்ஜஸரி எழுதியதை ஏழு நூற்றாண்டு கழித்து ஒருவன் செய்துபார்த்தான்; அது ஓடியது. நாம் எழுதுவதை நமது பக்கத்து வீட்டுப் பிள்ளை ஸ்டோருக்குக் கொண்டுபோய் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தால் போதும். தமிழால் முடியுமா என்ற கேள்விக்கு அதற்குப் பிறகு வேலை இருக்காது.